மூன்றாம் அங்கத்தில் என் அண்ணன்

1

இங்கே என் வேலை மேகம் இழுப்பது. பாரிஸுக்கு வெளியே ஓர் ஊரில் பழைய நாடக அரங்கு ஒன்று இருக்கிறது. மேடைக்கு மேலே, பார்க்கிறவர்கள் கண்ணில் படாத மரப் பரணில் நின்று கயிறு இழுக்கிறேன். கயிற்றின் மறுமுனையில் பலகையில் செய்த மேகம். அதன்மேல் ஒரு பெண் தேவதை வேஷத்தில் உட்கார்ந்து பாடியபடியே கீழே இறங்குவாள். நான் அவசரப்பட்டால் அவள் குரல் ஆடும். அதனால் அவசரப்படாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். வாழ்க்கையில் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் அது எனக்கு முடிகிறது.

ஊரில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் "தியேட்டர்ல" என்பேன். டிக்கெட் கிழிக்கிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தியதில்லை.

செஞ்சியில் எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, ஷார்ஜாவில் சாரம் கட்டுகிற வேலை. ஷார்ஜாவில் ஒருமுறை விழுந்து தோள்பட்டை விலகியது. சேர்த்துக் கட்டினார்கள், மறுபடி ஏறினேன். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ரோசலியைக் கட்டிக்கொண்டேன். அவள் புதுச்சேரிக்காரி. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அவளுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். சாரத்தில் ஏறிப் பழகியவன் என்று அரங்கில் எடுத்துக்கொண்டார்கள்.

வந்து இத்தனை வருடமாகியும் நான் வீட்டில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன். "பஸ் எதுனா வரப்போவுதா? உக்காந்துதான் சாப்புடுங்களேன்" என்பாள் ரோசலி.

போன வாரம் என் குடியிருப்பு அட்டை வந்தது. அதற்காகக் காத்திருந்த மாதங்களில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். செஞ்சியில் இருப்பவர்களுக்கு இதில் பாதிதான் தெரியும்.

2

அரங்கில் முதல் நாள். ஒரு முடிச்சு நழுவுவதைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "கயிறு! கயிறு!" என்று மேலேயிருந்து கத்தினேன். கீழே எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சுத்தியல் சத்தம்கூட நின்றது. ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன் என்று பயந்தேன்.

மேடை மேஸ்திரி ழெரார் பெரிய வயிற்றோடு ஏணி ஏறி மேலே வந்தார். இந்த நாட்டு நாடக மேடைகளில் அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாதாம். சொன்னால் யாருக்காவது கெடுதல் வரும். நூல் எனலாம், கம்பி எனலாம், இன்னும் ஏதேதோ பெயர் வைத்திருக்கிறார்கள். கயிறு என்று மட்டும் கூடாது. சொன்னவன் அன்று மாலை எல்லோருக்கும் குடிக்க வாங்கித்தர வேண்டும். வாங்கிக் கொடுத்தேன்.

குடிக்கும்போது எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சொன்னேன். விளக்கு வைத்த பிறகு ஊசி கேட்கக் கூடாது. உப்பைக் கையில் வாங்கக் கூடாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். ழெரார் சிரிக்கவில்லை. "அப்போது நீ எங்கள் ஆள்தான்" என்றார்.

3

சென்ற ஆண்டு எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாட்டிய நாடகம். ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன்னால், இங்கே ராஜாக்கள் இருந்த காலத்தில் ஆடியது போன்றது. முதலில் தேவதைகள் மேகத்தில் இறங்கி, காதல் பெரிதா போர் பெரிதா என்று சண்டை போடுவார்கள். பிறகு அங்கத்துக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு காதல் கதை. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது. எந்தக் கதையாக இருந்தாலும் நடுவில் ஆட்டம் வந்துவிடும். ராஜா செத்தாலும் ஆடுவார்கள், பிழைத்தாலும் ஆடுவார்கள். விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்த எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை.

மூன்றாம் அங்கம் இந்தியாவில் நடக்கிறது. மலைக்கோட்டை ஒன்றில் ஓர் இளவரசி. அவள்மேல் ஆசைப்படும் ஒரு பிரெஞ்சு அதிகாரி. நடுவில் அவள் தூங்குகிற பாட்டு. புல்லாங்குழல்கள் மெதுவாக வாசிக்க, ஆட்டக்காரர்கள் கனவு போல அவளைச் சுற்றி வருவார்கள்.

இந்த அங்கத்துக்குப் பின்னால் திரையில் வீடியோ ஓட விடுவது என்று முடிவாகியிருந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, வீடியோ பார்த்துக்கொள்ளும் லூசி என்ற பெண்ணிடம் என் செல்போனைக் காட்டினேன். முகப்பில் எங்கள் ராஜகிரி மலைப் படம் இருக்கும். உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டிவிட்டுப் போனது மாதிரி மலை, அதன் உச்சியில் கோட்டை. "பிரெஞ்சுக்காரர்களும் கொஞ்ச காலம் இதைப் பிடித்து வைத்திருந்தார்கள்" என்றேன். அவள் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு இயக்குநர் அம்மாளிடம் ஓடினாள். புதுச்சேரிக்கு வேறு வேலையாகப் போகவிருந்த ஒரு கேமராக்காரரை, செஞ்சியிலும் ஒரு நாள் இறங்கச் சொன்னார்கள்.

நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். என் அண்ணன் ஏழுமலை கோட்டையடியில் வெள்ளரிப்பிஞ்சும் மோரும் விற்கிறான். கொஞ்சம் மணிலா, அதாவது வேர்க்கடலை, போட நிலம் உண்டு. பயிர் இல்லாத மாதங்களில் இந்த வியாபாரம்.

"கேமராவோட ஒரு வெள்ளக்காரர் வருவாரு. பாத்துக்கோண்ணா" என்றேன்.

"வரட்டும். வெள்ளரிக்கா துன்னுவாரா?"

"துன்னுவாரு."

"அப்ப நல்ல மனுசன்தான்."

4

கேமராக்காரர் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்கு எதிரே புல்வெளியில் கேமராவை நிறுத்திவிட்டு, அசைக்காமல் எடுத்திருந்தார். ஒத்திகையில் அதைத் திரையில் போட்டார்கள். மேடை அகலத்துக்கு என் ஊர். வெயில், பாறை, ஒரு குரங்கு. நான் பரணிலிருந்து இறங்கி மேடையின் பக்கவாட்டில் வந்து நின்றேன்.

இளவரசி தூங்கும் பாட்டு ஆரம்பமானது. திரையில் இடது ஓரத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். தலையில் கூடை, ஒரு கையில் மோர் கேன், மறு கையில் செருப்பு. அண்ணன். அங்கே ஒரு சின்ன அம்மன் கல் இருக்கிறது. அதைத் தாண்டும் வரை அவன் செருப்புப் போடமாட்டான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவனை இடித்து "என் அண்ணன்" என்றேன். அதற்குள் அண்ணன் கோட்டையின் பழைய தானியக் களஞ்சியத்தின் ஓரத்துக்கு வந்திருந்தான். நின்றான். கூடையை இறக்கினான். படிக்கல்லில் உட்கார்ந்து, இடது மார்பை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. மறுபடி வந்தான், மறுபடி உட்கார்ந்தான், மறுபடி நெஞ்சைப் பிடித்தான். புல்லாங்குழல்கள் வாசித்துக்கொண்டே இருந்தன.

மதியம் போன் செய்தேன். அங்கே சாயங்காலம்.

"உடம்பு எப்டிண்ணா இருக்குது?"

"எனக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்கறேன்."

"நெஞ்சப் புடிச்சிக்கினு உக்கார்றியே. நான் பாத்தேன்."

"எங்கிருந்துடா பாத்த? அங்க உக்காந்துக்கினு என் நெஞ்சு தெரியுதா உனக்கு?"

"வீடியோவுல தெரியுது. களஞ்சியத்தாண்ட."

"அது நான் இல்ல" என்றான்.

"செருப்பக் கையில வெச்சிருக்கறது?"

"ஊருல நான் ஒருத்தன்தான் செருப்பக் கையில வெச்சிருக்கறனா?" என்று போனை வைத்துவிட்டான்.

லூசியிடம் கேட்டு வீடியோவின் அந்தப் பகுதியை வாங்கி அண்ணிக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள். "வாயு வாயுன்னு தெனம் சோடா குடிச்சிக்கினு இருக்கறாரு தம்பி. மேட்டுல போயி உக்கார்றது எனக்குத் தெரியாதே" என்றாள். மறுநாள் விழுப்புரம் பக்கம் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இரத்தக் குழாய்களில் அடைப்பு. சென்னைக்குப் போகச் சொன்னார்கள். நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டுமாம்.

5

நான் போயிருக்க வேண்டும். போக முடியவில்லை.

என் குடியிருப்பு அட்டையின் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கக் கணினியில் விண்ணப்பித்து, "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்ற ஒரு தாளை வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டுக்குள் இருக்கலாம், வேலை செய்யலாம். வெளியே போனால் திரும்பி வர அது செல்லாது. அலுவலகத்துக்கு நேரில் போனேன். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். முன்பதிவுக்குக் கணினியில் இடமே காலியில்லை. என் மகள் மீனா தினமும் பள்ளிக்குப் போவதற்கு முன் எனக்காகத் தட்டிப் பார்ப்பாள். "இல்லப்பா" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

மீனாவுக்கு இங்கே மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். தமிழ் புரியும். பேசினால் பாதி வழியில் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள். பெரியப்பா என்றால் அவளுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் போனில் "நல்லாக்கீறியாம்மா?" என்று கத்தும் ஒரு குரல். அலுவலகக் கடிதங்களை அவள்தான் எனக்குப் படித்துச் சொல்கிறாள். அப்போதெல்லாம் அவள் எனக்கு அம்மா மாதிரியும் நான் மக்குப் பையன் மாதிரியும் ஆகிவிடும். இரண்டு பேருக்கும் அது பிடிக்காது.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். நாடகத்தைப் படம் பிடிக்கிற அதே நாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான பகல் காட்சியை, பல கேமராக்கள் வைத்து முழுவதும் எடுப்பதாக இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் இயக்குநர் அம்மாள் லூசியிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அரைகுறையாகக் காதில் விழுந்தது. தூக்கப் பாட்டில் இளவரசியின் முகத்தைக் கேமரா பக்கத்தில் காட்டும், அவள் தோளுக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள், அவனை அழித்துவிடு. லூசி தலையாட்டினாள். இப்போதெல்லாம் படத்தில் ஓர் ஆளை இல்லாமல் செய்வது சின்ன வேலையாம்.

பாதி ஏறிய ஏணியிலிருந்து நான் இறங்கிவிட்டேன்.

ஒருமுறை எங்கள் நைனா, அப்பாதான், ஆஸ்பத்திரியில் கிடந்தார். பொங்கலுக்கு வெள்ளை அடிக்க ஆள் வந்துவிட்டான். சுவரிலிருந்து நைனாவின் படத்தைக் கழற்ற அம்மா விடவில்லை. ஆள் படுக்கையில் கிடக்கும்போது படத்தை இறக்கக் கூடாது. வெள்ளை அடிப்பவன் படத்தைச் சுற்றி அடித்துவிட்டுப் போனான். நைனா பிழைத்து வந்து, படத்தைச் சுற்றிப் பழுப்பாகக் கிடந்த சுவரைப் பார்த்து, "சுண்ணாம்பு தீந்து போச்சா?" என்று கேட்டார். அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார்.

இதையெல்லாம் சொல்லும் அளவுக்கு என் பிரெஞ்சு போதாது. என்னுடையது ஏற்று, இறக்கு, நிறுத்து, பிடி. பள்ளி விட்டதும் நேராக அரங்குக்கு வரச் சொல்லி மீனாவைக் கூப்பிட்டேன். வந்தாள். கேட்டதும் முகம் சிவந்தது.

"அப்பா, அது வெறும் வீடியோ. அழிச்சா பெரியப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கும் தெரியும். நீ சொல்லு."

"என்னன்னு சொல்றது? எங்க அப்பா பயப்படறாருன்னா?"

"ஆமா. அப்படியே சொல்லு."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேடைக்குப் போய், தரையைப் பார்த்தபடியே அவர்களிடம் சொன்னாள். திரையில் வருவது என் அண்ணன் என்பது, அறுவை சிகிச்சை, வெள்ளை அடித்த கதை, எல்லாம். இயக்குநர் அம்மாள் கெட்டவர் இல்லை. "வருத்தமாக இருக்கிறது. ஆனால் படம் வேறு, ஆள் வேறு அல்லவா?" என்றார்.

மேடை ஓரத்தில் இருந்த ழெரார் எழுந்து வந்தார். என் தோளுக்குப் பக்கத்தில் தொங்கிய கயிற்றைக் கையில் பிடித்தார்.

"அம்மா, இதற்கு என்ன பெயர்?"

இயக்குநர் அம்மாள் வாயைத் திறந்து மூடினார். எத்தனையோ வருடமாக நாடகம் போடுகிறவர். அவராலும் அந்தச் சொல்லை மேடையில் நின்று சொல்ல முடியவில்லை.

"பெயர் வேறு, பொருள் வேறுதானே. சொல்லுங்களேன்" என்றார் ழெரார்.

அம்மாள் சிரித்துவிட்டார். "சரி, அவர் இருக்கட்டும். ஆனால் அவர் உட்காருவதை மட்டும் நான் விட முடியாது. பாட்டு போய்விடும்."

அப்போது மீனா லூசியிடம் ஏதோ கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "அப்பா, உக்கார்றத மட்டும் கட் பண்ணிடலாமாம். அவரு நடந்துட்டே இருப்பாரு. ஓகேவா?"

"ஓகே."

அன்று மாலை லூசி வெட்டி ஒட்டும்வரை மீனா வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, "இங்க, இல்ல, இன்னும் கொஞ்சம்" என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை பார்த்தாளோ. வரும் வழியில் ரயிலில் காதில் எதுவும் மாட்டிக்கொள்ளாமல் கேட்டாள்:

"பெரியப்பா ஏன் செருப்பக் கையில வெச்சிட்டு நடக்கறாரு?"

சொன்னேன்.

"யாரும் பாக்கலன்னாலுமா?"

"யாரும் பாக்கலன்னாலும்தான்."

6

படம் பிடிக்கிற அன்று காலையில் அண்ணியிடம் பேசினேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்க் கூட்டத்தில் நின்று வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணனை உள்ளே கொண்டுபோகும் நேரம். போனை அவன் காதில் வைத்தாள்.

"நாடகம் இன்னிக்காடா?"

"இன்னிக்குத்தான்."

"ஒழுங்கா இழு. அந்தப் பொண்ணக் கீழ போட்றாத" என்றான். பிறகு, "போய்ட்டு வரேன்" என்றான்.

காட்சிக்கு முன் எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். ஒலிப்பதிவில் குறுக்கே வருமாம். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. நான் மேகத்தை இறக்கினேன். இவ்வளவு மெதுவாக நான் இறக்கியதில்லை என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள். உண்மையில் என் கை கயிற்றை விட மறுத்தது.

மூன்றாம் அங்கத்தில் எனக்கு வேலை கிடையாது. பக்கவாட்டில் வந்து நின்றேன். இளவரசி படுத்தாள். புல்லாங்குழல்கள் ஆரம்பித்தன. அண்ணன் வந்தான். கூடை, கேன், செருப்பு. களஞ்சியத்தின் ஓரம் வந்தான். அவன் நிற்கவில்லை. கடந்து போய் வலது ஓரத்தில் மறைந்தான். கொஞ்ச நேரம் வெறும் வெயில். மறுபடி இடது ஓரத்திலிருந்து வந்தான்.

அவன் மறைந்து மறுபடி வருவதற்குள் இருக்கும் அந்த வெறும் வெயில்தான் எனக்குத் தாங்கவில்லை. ஊரை விட்டு ஓடியவன் நான். எந்த ஊருக்குப் போனாலும், திரும்பினால் அந்த இடத்தில் அவன் இருப்பான் என்ற தைரியத்தில் ஓடியவன். நான் ஒரே இடத்தில் நின்று, அவன் போய்ப் போய் வருவதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசி ஆட்டம் முடிந்து பிள்ளைகள் கைதட்டினார்கள். பெட்டியைத் திறந்தார்கள். அண்ணியிடமிருந்து தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. செய்தி ஒன்றுமில்லை. ழெரார் போனை வாங்கித் தட்டி என் காதில் வைத்தார்.

எடுத்ததும் அண்ணி, "சாப்டியா தம்பி?" என்றாள்.

கீழே இறக்கி வைத்திருந்த மேகத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். சாவுச் செய்தி வைத்திருப்பவள் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாள்.

7

அந்தப் படம் பிறகு இணையத்தில் வந்தது. இங்குள்ள தொலைக்காட்சியிலும் போட்டார்கள். மீனா அதைப் பெரியப்பாவுக்கு அனுப்பினாள். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று தமிழிலேயே பேசிப் பதிவுசெய்து கூட அனுப்பினாள். என்னிடம் கேட்கவில்லை.

போன வாரம் அட்டை வாங்கிய கையோடு அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது மேட்டுக்குப் போவதில்லை. கோட்டை வாசலிலேயே கடை. வருகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவன் விடவில்லை.

"படம் பாத்தேன்டா. ஊரே பாத்துச்சி. பாட்டு ஒண்ணும் புரியல, அந்தப் பொண்ணு நல்லா தூங்குச்சி. ஆனா இன்னாடா நீ? வரேன், போறேன், வரேன், போறேன். கடைசி வரைக்கும் என்னை ஒரு எடத்துல உக்கார வுடலியேடா. எனக்குக் காலு வலிக்காதா?"

"உக்காந்தா பாட்டு கெட்டுடுமாம்ண்ணா."

"ஆங், நல்லா சொன்னாங்க. நீதான் நிக்காத ஓடறவன். என்னையும் அதுல மாட்டி வுட்டுட்ட."

"அடுத்த மாசம் வரேன். மீனாவும் வரேன்னு சொல்றா."

"வா. கடையாண்ட ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு வெக்கிறேன்" என்றான். பின்னால் யாரோ மோர் கேட்டார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னான்: "நீ உக்காரமாட்ட, எனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டு வெக்கிறேன்."